சத்தம் போடுகிறவருக்கு முதலில் கட்டாதீர்கள்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 6 வருடம், அதற்கு முன் இன்னொன்றில் 2 வருடம் வேலை பார்த்தவர். போன மாதம் ஆர்டர் இல்லை என்று சொல்லி 40 பேரை நிறுத்தியதில் இவரும் ஒருவர். மொத்தச் சம்பளம் 20,400, பிடித்தம் போகக் கையில் 17,800. சகோதரி தையல் தைத்தும் ஒரு கறவை மாட்டை வைத்தும் மாதம் 6,000 வரை பார்க்கிறார். கடன் என்று பார்த்தால் இரண்டு குழு லோன் (2,450, 2,100, இரண்டாவது நாத்தனாருக்காக இவர் பெயரில் எடுத்தது), பைக் தவணை 3,200, தெரிந்தவரிடம் 3 வட்டிக்கு 60,000, ஏலச்சீட்டு மாதம் 5,000, அப்புறம் ஒரு தனியார் அடகுக் கடையில் 80,000 ரூபாய்க்கு 3 பவுன். கையில் 22,000 இருக்கிறது. நாலாவது படிக்கும் பையன், ஒன்பதாவது படிக்கும் பெண், இரண்டு பேரும் மெட்ரிக் பள்ளியில். மாமியாருக்குச் சர்க்கரை. "முதலில் எதைக் கட்டுவது, யாரிடம் உதவி கேட்பது, இன்னொரு குழு லோன் தருகிறேன் என்கிறார்கள், வாங்கட்டுமா?" இதுதான் கேள்வி.

கடைசிக் கேள்விக்குப் பதில்: வாங்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் 11 வருடம் இருந்தவன். ஆள் எடுப்பது, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) போடுவது, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) கார்டு வாங்கித் தருவது, ஆளை அனுப்பும்போது கணக்கு முடிப்பது எல்லாம் என் மேஜை மேல்தான் நடக்கும். 2020இல் ஊரடங்கு சமயத்தில் என்னையும் அனுப்பினார்கள், 7 மாதம் வருமானமே இல்லை. அதனால் மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 7 மாதத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், யார் அதிகமாகச் சத்தம் போட்டார்களோ அவர்களுக்கு முதலில் கட்டியது. வாசலில் வந்து நின்ற ஃபைனான்ஸ்காரருக்கு மனைவியின் வளையலை வைத்துக் கட்டினேன். சத்தமே போடாத மெடிக்கல் இன்சூரன்ஸைக் கட்டாமல் விட்டேன். மூன்றாவது மாதம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், 74,000 ரூபாய். ஃபைனான்ஸ்காரர் இரண்டு வாரம் காத்திருந்திருப்பார், குடல் காத்திருக்காது.

உங்கள் கேள்வியில் எல்லாமே கட்ட வேண்டியதாக இருக்கிறது, உங்களுக்கு வர வேண்டியதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கடன் கேட்டு யார் வாசலுக்கும் போவதற்கு முன், உங்கள் வீட்டுக்காரர் சம்பாதித்து வைத்த பணம் எங்கெங்கே கிடக்கிறது என்று பாருங்கள்.

கம்பெனியிடமிருந்து வர வேண்டியது நிறைய இருக்கிறது. கம்பெனி ரோலில் (காண்ட்ராக்டில் இல்லாமல் நேரடியாக) இருந்தவர் என்றால், ஆட்குறைப்பு செய்யும்போது ஒரு மாத நோட்டீஸ் தர வேண்டும், தராவிட்டால் ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். கூடவே, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த உரிமை இது, புதிய சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. வருடத்துக்கு அரை மாதம் என்று தோராயமாகப் போட்டால் 6 வருடத்துக்கு 61,000 ரூபாய்க்குப் பக்கம், நோட்டீஸ் சம்பளம் தனி. அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. 5 வருடம் தாண்டிவிட்டதால் கண்டிப்பாக உண்டு. கணக்கு எளிது: கடைசியாக வாங்கிய பேசிக்கையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். அவருடைய பேசிக் பஞ்சப்படியோடு 13,000 என்று வைத்தால் வருடத்துக்கு 7,500, ஆறு வருடத்துக்கு 45,000. சம்பளச் சீட்டில் உள்ள எண்ணைப் போட்டுச் சரியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எடுக்காத லீவுக்கான பணம், இந்த வருடம் வேலை பார்த்த மாதங்களுக்கான போனஸ் (குறைந்தது 8.33 சதவீதம்) இவையும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் நின்றுவிட்டால் போனஸ் கிடையாது என்று சொல்லுவார்கள், அது சரியில்லை, அந்தக் கணக்கு வருடத்தில் 30 நாள் வேலை பார்த்திருந்தாலே பங்கு உண்டு. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையை விட்டு நிறுத்தினால் 2 வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் அவ்வளவு வேகமாக நடக்காது, ஆனால் கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது.

இங்கேதான் ஒரு கண்ணி. ஆளை நிறுத்தும்போது ஆட்குறைப்பு என்று எழுதமாட்டார்கள். "ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்துடுப்பா, செட்டில்மென்ட் சீக்கிரம் வந்துடும், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நல்லா போட்டுத் தர்றோம்" என்பார்கள். அப்படிப்பட்ட கடிதங்களை நானே எத்தனையோ டைப் அடித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டால் இழப்பீடு போச்சு, நோட்டீஸ் சம்பளம் போச்சு. கிராஜுவிட்டியும் லீவுப் பணமும் போனஸும்தான் நிற்கும். காண்ட்ராக்டில் இருந்தவர் என்றால் காண்ட்ராக்டர்தான் முதலாளி, கேட்க வேண்டியது அவரிடம். அவர் சம்பளமோ பி.எஃப்.போ கட்டாமல் விட்டிருந்தால் கம்பெனியே பொறுப்பேற்க வேண்டும். தகராறு என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள், அதற்கு வக்கீல் தேவையில்லை. நின்ற 40 பேரில் பத்துப் பேராவது சேர்ந்து போனால் நல்லது. தனியாகப் போகிறவரை நாளைக்கு வா என்பார்கள், பத்துப் பேரை உட்காரச் சொல்லுவார்கள்.

பி.எஃப். பணம் வட்டியோடு ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கத்தான் வாய்ப்பு. உமங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். முதல் கம்பெனியின் 2 வருடக் கணக்கை இந்தக் கணக்கோடு சேர்த்தாகிவிட்டதா என்று பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்திருக்கமாட்டார்கள். சேர்த்திருந்தால் மொத்தச் சர்வீஸ் 8 வருடம். இதில் இரண்டு லாபம். 5 வருடம் தாண்டிவிட்டதால் எடுக்கும் பணத்துக்கு வரி பிடிக்கமாட்டார்கள். பென்ஷனுக்கு 10 வருடம் வேண்டும், இன்னும் இரண்டே வருடம்தான் பாக்கி. எனவே பென்ஷன் பகுதியைத் தொடாதீர்கள். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துத் தருகிறேன் என்று கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஃபாரம் நிரப்புவார், அதற்குக் கமிஷனும் கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வேலை போனதும் பி.எஃப்.பில் முக்கால் பங்கு வரை எடுக்கலாம். மீதிக் கால் பங்குக்கு முன்பு 2 மாதம் காத்திருந்தால் போதும், 2025 அக்டோபரில் அதை 12 மாதமாக்க முடிவெடுத்தார்கள். எப்படியும் மொத்தத்தையும் உருவ வேண்டியதில்லை, தேவைக்கு மட்டும் எடுங்கள். அங்கே இருக்கிற பணம் வருடத்துக்கு 8.25 சதவீதம் வட்டி சம்பாதிக்கிறது. கம்பெனி உங்கள் வீட்டுக்காரரின் கடைசி நாளைப் பதிவு செய்ததா என்பதைக் கேளுங்கள். செய்யாவிட்டால் 2 மாதம் கழித்து அவரே போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் பாதிக் கோரிக்கைகள் திரும்பி வருவது இனிஷியலால்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பி.எஃப்.பில் பின்னால் இருக்கும், பேங்க்கில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். மூன்றையும் ஒன்றாக்கிய பிறகு விண்ணப்பியுங்கள். சிக்கலானால் ஒவ்வொரு மாதமும் 27ஆம் தேதி வாக்கில் பி.எஃப். அலுவலகம் மாவட்டத்துக்கு ஒரு முகாம் நடத்துகிறது, அங்கே நேரில் காட்டலாம்.

இ.எஸ்.ஐ.யில் பிடித்திருந்தால் (21,000க்குள் சம்பளம் என்பதால் பிடித்திருப்பார்கள்) வேலை போன அன்றே கார்டு செத்துவிடுவதில்லை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை போதிய நாள் சந்தா கட்டியிருந்தால் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன் உண்டு. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. உங்கள் மாமியாரின் பெயர் அந்தக் கார்டில் இருந்தால் அவருக்கும் சேர்த்துத்தான். இது பலருக்குத் தெரியாது. கார்டை டிராயரில் போட்டுவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடன் வாங்குவார்கள்.

அதே இ.எஸ்.ஐ.யில் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனா என்று வாய்க்குள் நுழையாத பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. வேலையில்லாமல் 30 நாள் ஆனதும், தினச் சராசரிச் சம்பளத்தில் பாதியை 90 நாள் வரை தருவார்கள். ஆயுளில் ஒரு முறைதான். உங்கள் கணக்குக்கு மொத்தம் 30,000 ரூபாய்க்குப் பக்கம் வரும். 2 வருடமாவது இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், ஒழுங்கீனத்துக்காக நீக்கியதாகவோ தானாக விலகியதாகவோ இருக்கக் கூடாது. பாருங்கள், இங்கேயும் அந்த ராஜினாமாக் கடிதம் குறுக்கே வருகிறது. 2018இல் சோதனையாக ஆரம்பித்து அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம் என்பதால், நீங்கள் போகிற அன்று நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

சரி, இந்தப் பணமெல்லாம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கையில் 22,000, மாதம் 6,000. இப்போதுதான் எதைக் கட்டுவது என்ற கேள்வி.

ஒரு நோட்டை எடுத்து ஒவ்வொரு கடனுக்கும் எதிரே, இதைக் கட்டாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று எழுதுங்கள். யார் திட்டுவார்கள் என்று எழுத வேண்டாம், எதை இழப்பேன் என்று மட்டும் எழுதுங்கள். அரிசி பருப்பு, மாமியார் மாத்திரை, மாட்டுத் தீவனம், கரண்ட், போன் ரீசார்ஜ், பஸ் காசு. இவை கடனே இல்லை, இருந்தாலும் முதல் வரிசை இவைதான். மாட்டுத் தீவனத்தை வேண்டுமென்றுதான் சேர்த்தேன். வருமானம் நின்ற வீட்டில் முதலில் விற்பது மாட்டைத்தான், ஏனென்றால் வியாபாரி வீட்டு வாசலுக்கே வருவார், அன்றே பணம். தினமும் காசு தருகிற ஒரே உயிரை விற்றுவிட்டு, வட்டி தின்கிற நகையைப் பத்திரமாக வைத்திருப்போம். மாடு இருக்கட்டும்.

பைக் தவணையையும் முடிந்தவரை கட்டுங்கள். ஓசூருக்கும் பர்கூருக்கும் ஷிப்டு நேரத்தில் வேலை தேடிப் போக அது வேண்டும். வண்டியைத் தூக்கிப் போனால் கிடைத்த விலைக்கு ஏலம் விட்டு, குறைகிற பாக்கியையும் உங்களிடமே கேட்பார்கள். கடன் கொடுத்தவர்களுக்கு இந்த வாரமே எழுத்தில் தெரிவியுங்கள்: வேலை போய்விட்டது, செட்டில்மென்ட் வர இத்தனை நாள் ஆகும், தவணையைத் தள்ளிவையுங்கள் அல்லது காலத்தை நீட்டித் தவணையைக் குறையுங்கள். 90 நாள் தாண்டினால் வராக்கடன் பட்டியலில் போய்விடும், அதற்குப் பிறகு மேனேஜர் நினைத்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். 20ஆம் நாளில் போகிறவருக்கும் 100ஆம் நாளில் போகிறவருக்கும் ஒரே மேனேஜர் இரண்டு விதமாகப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். தவணை பேங்க் கணக்கிலிருந்து தானாகப் போவதாக இருந்தால், கணக்கில் பணம் இல்லாத மாதம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இரண்டு பக்கமும் அபராதம் பிடிப்பார்கள், தேதிக்கு முன்பே சொல்லிவிடுவது அதற்காகவும்தான்.

3 வட்டிக் கடன்தான் உங்கள் வீட்டின் உண்மையான ஓட்டை. மாதம் 1,800, வருடத்துக்கு 36 சதவீதம். தெரிந்தவர், நல்லவர், கேட்டு வாசலுக்கு வருவதில்லை என்பதால் அது கடனாகவே தெரியாது. 8.25 சதவீதம் சம்பாதிக்கிற பி.எஃப்.பை எடுத்து 36 சதவீதம் தின்கிற கடனை அடைப்பது நஷ்டமில்லை. கிராஜுவிட்டியோ பி.எஃப்.போ எது முதலில் வந்தாலும் அதில் இந்த அசலை முடித்துவிடுங்கள், மற்ற கடன்களுக்குப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து எதுவும் அடையாமல் விட்டுவிடாதீர்கள். ஒருவேளை அவர் முகம் மாறி, மீட்டர் வட்டி, பத்திரம், வெற்றுச் செக் என்று மிரட்ட ஆரம்பித்தால் 2003ஆம் வருடக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, போலீசில் புகார் கொடுக்கலாம்.

குழு லோனுக்கு வருவோம். சத்தம் அதிகம் வருகிற இடம் இதுதான், ஏனென்றால் நீங்கள் கட்டாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா கட்ட வேண்டும். ஆபீசர் உங்களைத் திட்டவே வேண்டாம், அவர்களே திட்டுவார்கள். தவணை நாளுக்கு முன்பே குழுவில் எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மறைத்துவிட்டு அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதுதான் கோபத்தைக் கிளப்பும். 2022இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது, அசிங்கமாகப் பேசக் கூடாது, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் 2025இல் தனியாகச் சட்டம் போட்டிருக்கிறது. அதே ரிசர்வ் வங்கி விதி இன்னொன்றும் சொல்கிறது: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் இரண்டு குழு லோனும் பைக்கும் சேர்ந்தாலே 7,750. இன்றைய வருமானம் 6,000, அதில் பாதி 3,000. அப்படியிருக்க மூன்றாவது லோன் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஃபாரத்தில் உங்கள் வருமானத்தைப் பொய்யாக எழுதப் போகிறார் என்று அர்த்தம். வேண்டாம் என்று முதலிலேயே சொன்னது அதனால்தான்.

நாத்தனார் லோன் பற்றி. சட்டத்தின் கண்ணில் அது உங்கள் கடன். ஆனால் இந்த மாதம் அந்த 2,100ஐ நாத்தனார் கட்டித்தான் ஆக வேண்டும், அதை நீங்கள் கேட்காதீர்கள், வீட்டுக்காரரே தங்கையிடம் பேசட்டும். அண்ணி கேட்டால் சண்டையாகும்.

இரண்டு விதக் குழுவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி லோன் தரச் சேர்க்கிற குழு வேறு, மகளிர் சுய உதவிக் குழு வேறு. சுய உதவிக் குழு தமிழ்நாட்டில் தொடங்கியதே நம் மண்ணில்தான், 1989இல், கிருஷ்ணகிரி பிரியாத பழைய தர்மபுரி மாவட்டத்தில். நீங்கள் அந்தக் குழுவிலும் இருந்தால், குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கேளுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பிலும், நலிந்த குடும்பங்களுக்குக் கடன் தரும் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்திலும் விசாரியுங்கள். வட்டி குறைவு, கேட்பவர்களும் உங்கள் ஊர்ப் பெண்கள்தான். விவரம் கலெக்டர் ஆபீசில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் கிடைக்கும்.

சீட்டு: இன்னும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது கடன் அல்ல, சேமிப்பு. 5,000ஐ இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம், தள்ளிக் கேட்டு எடுத்துவிட்டு மீதி மாதங்களுக்கு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். சீட்டு நடத்துகிறவரிடம் சொல்லி உங்கள் இடத்தை வேறொருவருக்கு மாற்றி, கட்டியதை வாங்கப் பாருங்கள். கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள், பரவாயில்லை.

நகை விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. 3 பவுனுக்கும் வட்டி கட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரு பவுனை விற்றுவிடுங்கள். நீங்கள் வைத்தபோது இருந்த விலை வேறு, இப்போதைய விலை வேறு, ஒரு பவுனே அந்த 80,000இல் பெரும்பகுதியை அடைத்துவிடும். பாக்கிக்கு மற்ற இரண்டைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திலோ அரசு வங்கியிலோ குறைந்த வட்டிக்கு மாற்றி வையுங்கள். நகை விலை ஏறியிருக்கிறது, இன்னும் 50,000 சேர்த்துத் தருகிறோம் என்று கவுண்டரில் சொல்வார்கள், அதை மட்டும் வாங்காதீர்கள். அம்மா வீட்டில் போட்ட நகை என்றால் மனசு கேட்காதுதான், அது உங்கள் முடிவு. ஆனால் வட்டி கட்டாமல் விட்டு மூன்றுமே ஏலத்துக்குப் போய்விடுவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

செலவைக் குறைப்பதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, வருமானம் போன வீட்டுப் பெண்ணுக்குச் சிக்கனம் கற்றுத்தர எனக்குத் தகுதியும் இல்லை. ரேஷனில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்காமல் விட்டுக்கொண்டிருந்தால் இனி விடாதீர்கள், கார்டு சர்க்கரை அட்டையாக இருந்தால் அரிசி அட்டையாக மாற்ற மனுக் கொடுங்கள். மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு முறை பெயரைப் பதிந்தால் மாத்திரை வீட்டுக்கே வரும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். சம்பளம் இருந்தவரை உங்களுக்குக் கிடைத்திருக்காது, இப்போது வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம். பேங்க் கணக்கில் வருடா வருடம் பிடிக்கும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் இருந்தால், மே மாதக் கடைசியில் கணக்கில் ஒரு 500 ரூபாய் விட்டுவையுங்கள். 456 ரூபாயை மிச்சம் பிடித்து தலா 2 லட்சம் ரூபாய்க்கான இரண்டு காப்பீட்டையும் இழப்பது சிக்கனம் இல்லை.

பள்ளிக்கூடம். நாலாவது படிக்கும் பையனை யோசிக்காமல் அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். காலை உணவு, மதிய உணவு, புத்தகம், சீருடை மட்டுமல்ல, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவம், பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரியில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். அவன் இன்னும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஒன்பதாவது படிக்கிற பெண் தாண்டிவிட்டாள், அவளுக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே அவளை மாற்றுவது முழுக்கக் கட்டணத்தையும் அவள் மனதையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. அவளிடம் கேளுங்கள், ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு வீட்டு நிலைமை தெரியும். பீஸ் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது.

அரசு தரும் வேலையில்லாதோர் உதவித்தொகையை நம்பி உட்கார வேண்டாம், பத்தாவது தேறியவருக்கு மாதம் 300, பட்டதாரிக்கே 600தான், அதுவும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். நூறு நாள் வேலை அட்டை இருந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள், 2025-26க்கு நாள் கூலி 336 ரூபாய் என்று வைத்தார்கள். உங்கள் பக்கம் மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிகளில் தினக்கூலிக்கு ஆள் எடுப்பது உங்களுக்கே தெரியும், ஐ.டி.ஐ. படித்தவர் அங்கே பெட்டி தூக்குவதா என்று யாராவது சொன்னால் அவர்களிடம் பைக் தவணையைக் கட்டச் சொல்லுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று 20,000 கேட்கிற ஆள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் தினமும் புதிதாக முளைக்கிறார். பணம் கேட்டாலே அது வேலை இல்லை. போனில் 5 நிமிடத்தில் கடன் தரும் செயலிகளும் அப்படித்தான், அதில் ஏற்கெனவே மாட்டியிருந்தால் 1930க்குப் புகார் சொல்லுங்கள். பி.எஃப். பணத்தைப் போட்டுக் கடை வைக்கும் யோசனையை 6 மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். அப்போதும் ஆசை இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் பற்றிக் கேட்டுவிட்டு இறங்கட்டும்.

மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை, லீவு என்று சொல்லியிருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் என் மனைவியிடம் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்துவைத்து 19 நாள் உட்கார்ந்திருந்தேன். கேட்டில் யார் எத்தனை மணிக்கு வந்தார் என்று பார்க்கிற டைம் ஆபீஸ்காரனுக்கு வீட்டில் என்ன வேலை என்று அவள் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன். அந்த 19 நாளில் செலவு ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை, குறைத்தால் தெரிந்துவிடுமே. சொல்லிவிடுங்கள். வீட்டுக்காரர் இரவில் தூங்காமல், யாரிடமும் பேசாமல், நான் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் பணமாவது வரும் என்கிற மாதிரி பேசினால் அதைப் புலம்பல் என்று விட்டுவிடாமல் அன்றே 104க்கோ 14416க்கோ போன் போடுங்கள், தமிழில் பேசுவார்கள், காசில்லை. தனியாகவும் விடாதீர்கள்.

கடன் கொடுத்த நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எப்படி என்று 14448இல் கேட்டால் சொல்வார்கள். இலவச வக்கீல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, போன் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் தருகிறார்கள், எனவே மனுவை உங்கள் பெயரில் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போவதானால் சம்பளச் சீட்டு, ஐ.டி. கார்டு, பி.எஃப். பாஸ்புக் பிரிண்ட், இ.எஸ்.ஐ. கார்டு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ், மனுவுக்கும் ஒரு நகல். நகலில் சீல் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வீட்டுக்காரர் அந்த ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்பதை முதலில் கேட்டு எழுதுங்கள். மேலே போட்ட வரவுக் கணக்கில் பாதி அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. போட்டுவிட்டார் என்றால் எந்தத் தேதியில், யார் முன்னால், நகல் கொடுத்தார்களா, மற்ற 39 பேரும் அதே தேதியில் போட்டார்களா என்பதையும் விசாரியுங்கள். 40 பேர் ஒரே நாளில் ஒரே வாசகத்தில் தாங்களாகவே ராஜினாமா செய்தார்கள் என்றால் தொழிலாளர் அலுவலரே நம்பமாட்டார்.